அப்டேஷனுக்கு ஒரு வக்காலத்து

முதலில் ஒரு குற்ற ஒப்புதல்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கம்பெனியின் நேர்முகத் தேர்வில் என்னையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மூன்று பேர் குழு. நான் மூன்றாவது ஆள். எனக்கு அதற்குப் பெரிய தகுதி ஒன்றும் கிடையாது. தெரிந்தவர் கூப்பிட்டார், போனேன். சாப்பாட்டு வேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெண் வந்தாள். சின்ன ஊர்க் கல்லூரி, பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். மளிகைக் கடையின் சரக்குக் கணக்கைக் கம்ப்யூட்டரில் எப்படி வைப்பாய் என்று கேட்டோம். பேப்பர் வாங்கிக் கட்டம் போட்டு, எது எங்கே போகும், எது தீர்ந்தால் எப்படித் தெரியும் என்று நிதானமாக விளக்கினாள். அன்றைக்கு வந்த பதினைந்து பேரில் அந்தக் கேள்விக்கு அத்தனை தெளிவாகப் பதில் சொன்னவர் வேறு யாரும் இல்லை. கடைசியாக, ‘டெய்லி நைட் கடை மூடறதுக்கு முன்னாடி ஸ்டாக் அப்டேஷன் பண்ணணும் சார்’ என்றாள்.

என் பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்துவிட்டார். ‘அப்டேஷனா? அப்படி ஒரு வார்த்தை இங்கிலீஷ்லயே கிடையாதும்மா!’

அவ்வளவுதான். அதற்குப் பிறகு கேட்ட இரண்டு கேள்விக்கும் அவள் ‘தெரியலை சார்’ என்றாள். தெரியும். வாயைத் திறக்கப் பயம். அவள் போனதும் தாளில் ‘கம்யூனிகேஷன் போதாது’ என்று எழுதப்பட்டது. அடியில் மூன்று கையெழுத்து. மூன்றாவது என்னுடையது.

சிரித்தவர் உடனே எழுந்து, ‘பசிக்குது, லஞ்சை அரை மணி ப்ரீபோன் பண்ணிடலாமா?’ என்றார். ‘ப்ரீபோன்’ என்பதும் நம் ஊர் ஆபீஸ்கள் பரப்பிய சரக்குதான் என்று அவருக்குத் தெரியாது. அது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறிவிட்டது என்பது வேறு விஷயம். அன்றைக்கு நான் அதையும் சொல்லவில்லை. சாப்பிடப் போய்விட்டேன்.

போட்ட கையெழுத்தை வாபஸ் வாங்க முடியாது. வக்காலத்தாவது வாங்கிப் பார்க்கிறேன். நீங்கள் ஜட்ஜாக இருங்கள்.

அந்தப் பெண் என்ன குற்றம் செய்தாள்? பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததைச் செய்தாள். வினைச்சொல்லைப் பெயர்ச்சொல்லாக்கு என்று பக்கம் பக்கமாகப் பயிற்சி. க்ரியேட் – க்ரியேஷன். ட்ரான்ஸ்லேட் – ட்ரான்ஸ்லேஷன். லொகேட் – லொகேஷன். ரொடேட் – ரொடேஷன். இன்னும் நெருக்கமாகப் பாருங்கள்: கம்ப்யூட்டர் படிப்பில் தினமும் வருவது வேலிடேட் – வேலிடேஷன். பாங்க் பக்கம் போனால் லிக்விடேட் – லிக்விடேஷன், கன்சாலிடேட் – கன்சாலிடேஷன். மூன்றும் ‘டேட்’டில் முடிந்து ‘டேஷன்’ ஆகின்றன. அப்புறம் அப்டேட் மட்டும் ஏன் அப்டேஷன் ஆகக்கூடாது? ஒரு குழந்தை இப்படி யோசித்தால் அதற்கு மூளை இருக்கிறது என்று அர்த்தம். நாம் அதற்குச் சிவப்பு மையில் சுழி போடுகிறோம்.

‘ஏன் சார் தப்பு?’ என்று கேட்டால் வாத்தியார் சொல்லும் பதில் உங்களுக்கும் தெரியும். ‘அது அப்படித்தான். மனப்பாடம் பண்ணு.’

உண்மையான பதில் ஒன்று இருக்கிறது. அது சுவாரஸ்யமானதும்கூட. க்ரியேட், ட்ரான்ஸ்லேட் எல்லாம் லத்தீன் குடும்பம். வாலில் இருக்கும் ‘ஏட்’ அங்கே ஒரு விகுதி. அதைக் கழற்றி ‘ஏஷன்’ மாட்டலாம். அப்டேட்டில் இருப்பது அந்த ‘ஏட்’ இல்லை. ‘டேட்’ என்ற முழுச் சொல். தேதி. முன்னால் ‘அப்’ ஒட்டி, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் புழக்கத்துக்கு வந்த சொல் அது. வினையாகவும் பெயராகவும் அப்படியே நின்றுவிட்டது. பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு சீட் பிடிப்பார்களே, அந்த மாதிரி பெயர்ச்சொல்லின் இடத்தில் ‘அப்டேட்’ ஏற்கெனவே துண்டு போட்டுவிட்டது. பின்னால் ஏறி வந்த ‘அப்டேஷனு’க்கு இடம் இல்லை.

மொழியியலில் இதற்கு ‘பிளாக்கிங்’ என்று பெயர். மார்க் அரனாஃப் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1976-இல் எழுதிய புத்தகத்தில் விளக்கியிருக்கிறார். க்யூரியஸ் – க்யூரியாசிட்டி உண்டு. குளோரியஸ் – குளோரியாசிட்டி கிடையாது. ஏனென்றால் ‘குளோரி’ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. திருடுவதற்கு ‘ஸ்டீல்’ என்ற வினை இருக்கிறது. ‘ஸ்டீலர்’ என்று சொன்னால் ஏன் காதில் உறுத்துகிறது? ‘தீஃப்’ துண்டு போட்டிருக்கிறார். சீட் பிடிப்பதில்கூட முந்திக்கொண்டுவிட்டார்.

இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிஷம் போதும். ஐந்து நிமிஷத்தில், தான் முட்டாள் இல்லை, தன் தர்க்கம் சரி, பஸ்ஸில்தான் இடம் இல்லை என்று அந்தக் குழந்தைக்குப் புரிந்துவிடும். நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. காரணம், பாதிப் பேருக்கு நமக்கே தெரியாது.

சரி, இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது? இங்கிலீஷ்காரன் வேண்டுமென்று செய்ததில்லை. அவன் தலையில் வந்து விழுந்தது. 1066-இல் நார்மண்டியிலிருந்து வில்லியம் படையோடு வந்து இங்கிலாந்தைப் பிடித்தான். அரண்மனையில், நீதிமன்றத்தில், பெரிய மனிதர் வீட்டில் எல்லாம் பிரெஞ்சு. வயலில், கொல்லையில், அடுப்படியில் இங்கிலீஷ். கோர்ட்டில் இங்கிலீஷில் வாதாடலாம் என்று சட்டம் வரவே 1362 ஆயிற்று. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது! படிக்கும்போது எனக்கு நம் ஊர் ஞாபகம் வந்தது. உங்களுக்கும் வரும்.

அந்தக் காலத்தில் ஒரே மொழிக்குள் இரண்டு குடித்தனம் வந்து சேர்ந்தது. பழைய வீட்டுக்காரர்கள்: நெஸ், ஹுட், ஷிப், டம், த். கைண்ட்னெஸ், சைல்டுஹுட், ஃப்ரெண்ட்ஷிப், ஃப்ரீடம், ட்ரூத். புதிதாகக் குடி வந்தவர்கள்: ஷன், மென்ட், இட்டி, அன்ஸ், ஏஜ். நேஷன், பார்லிமென்ட், அத்தாரிட்டி. கவனித்தீர்களா? நட்பும் குழந்தைப் பருவமும் உழவன் மொழியில். அதிகாரமும் சட்டசபையும் ஆண்டவன் மொழியில். ஒரு விகுதிக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருக்கிறது. நாம் அதை நாற்பது சொல் அட்டவணையாக அச்சடித்து, ‘வெள்ளிக்கிழமை டெஸ்ட்’ என்கிறோம்.

இதற்குள் ஒரு வேடிக்கை. இரண்டு குடித்தனமும் கொஞ்ச நாளில் சம்பந்தம் பண்ணிக்கொண்டன. ‘ஃபுல்ஃபில்’ நாட்டுச் சொல், ‘மென்ட்’ பிரெஞ்சு வால். ஷிப்மென்ட், செட்டில்மென்ட் எல்லாமே கலப்புக் கல்யாணம். ‘பொலைட்’ லத்தீன் வழி வந்தது, அதற்கு நாட்டு வால் ஒட்டி ‘பொலைட்னெஸ்’. விகுதியைத் தப்பான சொல்லில் ஒட்டுவது குற்றம் என்றால் இங்கிலீஷ் அகராதியில் ஏகப்பட்ட பக்கங்களைக் கிழிக்க வேண்டும்.

இனி என் முக்கியமான சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிறேன். பெயர் ஹென்றி டண்டாஸ். ஸ்காட்லாந்துக்காரர், பிரிட்டிஷ் பார்லிமென்ட் உறுப்பினர். 1775-இல் அமெரிக்கக் காலனிகளின் வியாபாரத்தையும் மீன்பிடிப்பையும் முடக்கும் மசோதா மேல் நடந்த விவாதத்தில் ‘ஸ்டார்வேஷன்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். ‘ஸ்டார்வ்’ சுத்தமான நாட்டுச் சொல். அதன் வாலில் லத்தீன் ‘ஏஷன்’. நம் அப்டேஷனைப் போலவே முறை தவறிய ஒட்டு. எதிர்த்தரப்பு அவருக்கு ‘ஸ்டார்வேஷன் டண்டாஸ்’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டது. சொல்லை முதலில் உண்டாக்கியது அவர்தானா என்பதில் அகராதிக்காரர்களுக்குள் வழக்கு இருக்கிறது. பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதில் வழக்கு இல்லை.

பிறகு என்ன ஆயிற்று? அந்த டண்டாஸ் 1793 முதல் 1801 வரை இந்திய விவகாரங்களைக் கவனித்த கன்ட்ரோல் போர்டின் தலைவராக லண்டனில் உட்கார்ந்து நம்மை நிர்வாகம் பண்ணினார். அந்தச் சொல்லும் கப்பலேறி வந்தது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் நம் ஜனங்கள் செத்துக் கிடந்ததை வெள்ளைக்கார அதிகாரிகள் ரிப்போர்ட் எழுதியபோது ‘ஸ்டார்வேஷன்’ என்றுதான் எழுதினார்கள். அப்போது அது தப்பான இங்கிலீஷ் என்று யாரும் சிரிக்கவில்லை. நூறு வருஷத்தில் சரியான இங்கிலீஷ் ஆகிவிட்டது. அதிகாரம் உள்ளவன் வாயிலிருந்து வந்த தப்புக்கு அகராதியில் இடம். அதிகாரம் இல்லாதவள் வாயிலிருந்து வந்தால் தாளில் ‘கம்யூனிகேஷன் போதாது’.

இரண்டாவது சாட்சி, ‘சயின்டிஸ்ட்’. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஹ்யூவெல் 1834-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் ‘ஆர்ட்டிஸ்ட்’ மாதிரி ‘சயின்டிஸ்ட்’ என்று சொல்லலாமே என்ற யோசனையை எழுதினார். இங்கிலாந்தின் பெரிய விஞ்ஞானிகள் பலருக்கே அது பிடிக்கவில்லை. லத்தீன் தலை, கிரேக்க வால், அசிங்கமான சொல் என்று பல காலம் ஒதுக்கினார்கள். இன்றைக்கு உங்கள் பையன் பெரியவனானால் என்னவாகப் போகிறாய் என்று கேட்டால் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறான்.

மூன்றாவது சாட்சி அமெரிக்க ஜனாதிபதி. 1920 தேர்தலில் வாரன் ஹார்டிங் ‘நார்மல்சி’க்குத் திரும்புவோம் என்றார். ‘நார்மாலிட்டி’ என்பதுதானே முறை என்று கேலி செய்தார்கள். சொல் அவருக்கு முன்பே இருந்தது. ஆனாலும் கேலி அவருக்கு. தேர்தலில் அமோகமாக ஜெயித்தார். சொல்லும் ஜெயித்தது. ‘டொனேட்’டுக்கும் இதே கதி. முதலில் இருந்தது ‘டொனேஷன்’தான். அதன் வாலை வெட்டி அமெரிக்காவில் ‘டொனேட்’ உண்டாக்கியபோது படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். டொனேஷன் என்றால் என்னவென்று பள்ளிக்கூட வாசலில் நின்ற தமிழ்நாட்டு அப்பாக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

‘அதெல்லாம் இருக்கட்டும் சார், தமிழில் இப்படிக் குளறுபடி உண்டா?’ என்று ஒருவர் கேட்பார். தாராளமாக உண்டு. நன்னூல் தொழிற்பெயர் விகுதி என்று பத்தொன்பது சொல்கிறது. எது எதோடு ஒட்டும் என்பதை நாம் அட்டவணை பார்த்துக் கற்றோமா? சாவுக்குச் ‘சாக்காடு’ உண்டு, ‘வாழ்க்காடு’ கிடையாது. ‘வளர்ச்சி’ சொல்கிறோம், ‘நடச்சி’ சொல்வதில்லை. ‘நடை’ துண்டு போட்டிருக்கிறது. ‘நடத்தை’ என்றால் வேறு அர்த்தம், ‘நடப்பு’ என்றால் இன்னொரு அர்த்தம். வெளியூர்க்காரர் தமிழ் கற்றுக்கொண்டு ‘உங்கள் நடத்தை வேகமாக இருக்கிறது’ என்றால் நாம் அவரை வேலைக்குத் தகுதியில்லை என்போமா? ‘அடடா, தமிழ் பேசறாரே!’ என்று காபி வாங்கிக் கொடுப்போம்.

கலப்புக் கல்யாணமும் நம்மிடம் தாராளம். ‘தார்’ என்பது பாரசீக வால். வைத்திருப்பவர் என்று பொருள். தாசில்தார், ஜமீன்தாரோடு வந்தது. நாம் அதைப் ‘பங்கு’க்குப் பின்னால் மாட்டி, மரியாதைக்கு ஓர் ‘அர்’ சேர்த்துப் ‘பங்குதாரர்’ ஆக்கினோம். மனுதாரர், குத்தகைதாரர் என்று குடும்பம் பெருகிவிட்டது. எந்தப் பாரசீகரும் வந்து ‘இப்படி ஒரு வார்த்தை எங்கள் மொழியிலேயே கிடையாது’ என்று சிரிக்கவில்லை. ‘பஸ்காரன்’, ‘பால்காரர்’ சொல்லும்போது ‘காரன்’ வடமொழியிலிருந்து வந்த வால் என்று யாரும் யோசிப்பதில்லை. வாய் வழியாகப் புழங்கும் மொழி அப்படித்தான் வளரும்.

இன்னொரு சங்கதி. நம் ஊர் ஆபீஸ்களில் அப்டேட்டும் அப்டேஷனும் ஒன்றில்லை. ‘ஏதாவது அப்டேட் இருக்கா?’ என்றால் புதுச் செய்தி. ‘ஆதார் அப்டேஷன்’ என்றால் அந்த வேலை, க்யூவில் நின்று விரல் வைத்து முடிக்கும் காரியம். செய்திக்கு ஒரு சொல், செயலுக்கு ஒரு சொல். அப்க்ரேடும் அப்க்ரடேஷனும் அதே மாதிரி. ‘க்ரடேஷன்’ என்ற சொல் இங்கிலீஷிலேயே இருக்கும்போது ‘அப்’ சேர்த்தால் மட்டும் ஏன் குற்றம்? கோடிக்கணக்கான பேர் தினமும் அர்த்தம் புரிந்து பயன்படுத்தும் சொல்லை ‘கிடையாது’ என்று சொல்ல முடியாது. ‘லண்டனில் கிடையாது’ என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இப்போது எதிர்த்தரப்பு. ‘அப்படியென்றால் எல்லோரும் இஷ்டத்துக்கு எழுதலாமா? வெளிநாட்டுக் கஸ்டமருக்கு லெட்டர் போட்டால் மானம் போகாதா?’ நியாயமான கேள்வி. வெளிநாட்டுக்கு எழுதும் லெட்டரில் ‘அப்டேட்’ என்றே எழுதுங்கள். பரீட்சையிலும் அப்படியே எழுதுங்கள், மார்க் முக்கியம். சந்தேகம் வந்தால் ‘இங்’ சேர்த்து ‘அப்டேட்டிங்’ என்று எழுதினால் யாரும் தப்பு சொல்ல முடியாது. தமிழில் எந்த வினையோடும் ‘தல்’ ஒட்டுகிற மாதிரி அங்கே ‘இங்’ கிட்டத்தட்ட எல்லா வினையோடும் ஒட்டும். வினைக்கு ‘இங்’, குணத்துக்கு ‘நெஸ்’. ஆபத்துக்கு இந்த இரண்டு போதும். நாற்பது சொல் அட்டவணைக்குப் பதிலாக இதை முதல் பாடமாகச் சொல்லிக்கொடுத்தால் குழந்தைகளுக்கு வாய் திறக்கும் தைரியமாவது வரும்.

திருத்துவதற்கு நான் எதிரி இல்லை. ‘அப்டேட்னாலே போதும்மா, மேலே சொல்லு’ என்று சொல்ல இரண்டு விநாடி ஆகும். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு மீதிக் கணக்கையும் சொல்லியிருப்பாள். சிரிப்புக்கும் அதே இரண்டு விநாடிதான். வித்தியாசம், சிரிப்பு முடிந்தபின் அவள் வாய் மூடிக்கொண்டது. நாங்கள் தேடியது சரக்குக் கணக்கு தெரிந்த ஆளை. விகுதி தெரிந்த ஆளை அல்ல. கணக்கு தெரிந்தவளை அனுப்பிவிட்டு நாங்கள் சாப்பிடப் போனோம்.

ஒன்றைக் கவனியுங்கள். அவளைப் பார்த்துச் சிரித்தது லண்டன்காரன் இல்லை. ஒரு தலைமுறைக்கு முன் கிராமத்திலிருந்து வந்த, தன் அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாத நம்மைப் போன்ற ஒருவர். நாம் ஏறிய ஏணியில் கீழ்ப்படியில் நிற்பவரைப் பார்த்துச் சிரித்தால்தான் நாம் மேலே இருக்கிறோம் என்று நமக்கே நம்பிக்கை வருகிறது. இங்கிலீஷ் நமக்கு மொழியாக இருப்பதைவிட வாசலில் நிற்கும் வாட்ச்மேனாக இருப்பதுதான் அதிகம். ஒரு ‘ஷன்’ கூடக் குறைய இருந்தால் கேட் மூடிவிடும்.

ஆகவே கனம் ஜட்ஜ் அவர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த தடவை உங்கள் ஆபீஸில், வகுப்பில், வீட்டில் யாராவது ‘அப்டேஷன்’ என்று சொன்னால் சிரிப்பதற்கு முன் அவர் அதற்கு முன்னால் என்ன சொன்னார், பின்னால் என்ன சொல்லப் போகிறார் என்று கேளுங்கள். விஷயம் அங்கே இருக்கும்.

அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. எங்கோ ஒரு கடையில், ஒரு கம்பெனியில், ராத்திரி ஷட்டரை இறக்குவதற்கு முன் ஸ்டாக் அப்டேஷன் பண்ணிக்கொண்டிருப்பாள் என்று நம்ப ஆசை. கணக்கு சரியாகத்தான் இருக்கும்.